ஆந்தை அலமாரியும் புதன்கிழமை டப்பாவும்

அத்தியாயம் 7

புருஷன் விஷம் வைக்கிறான் என்று சொல்ல வருகிறவர்கள் பொதுவாக அழுவார்கள். ருக்மிணி மாமி, இன்றைக்குப் பால் வரவில்லை என்கிற குரலில் சொன்னாள்.

அது திங்கட்கிழமை. ராஸ்தா பேட்டில் மாவு மில்லுக்கு மேலே எங்கள் ஆபீஸ். எங்கள் என்றால், ராணுவப் போலீஸில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த கல்யாணசுந்தரம் சார் ஒருத்தர். அவருக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்குகிறவன் எல்லாமான விச்சு என்கிற நான் ஒருத்தன். புனேத் தமிழ்க் குடும்பங்களுக்கு மாப்பிள்ளை விசாரித்துச் சொல்வதுதான் முக்கால்வாசி வேலை. விஷமெல்லாம் வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

மாமி மேஜைமேல் ஒரு லேப் ரிப்போர்ட்டை வைத்தாள். தலைமுடியில் ஆர்செனிக் என்கிற பாஷாணம் இருப்பதாக அது சொன்னது. பக்கத்தில் போலீசுக்கு எழுதிய புகாரை வைத்தாள், கவர் இன்னும் ஒட்டவில்லை. கடைசியில் தன் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"ஊசி இருந்தா குத்திப் பாருங்கோ. ஒண்ணும் தெரியாது" என்றாள்.

"நாங்க டிடெக்டிவ் மாமி. ஊசி குத்தினா வேற கேஸ் ஆயிடும்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் சொன்ன எதற்கும் யாரும் சிரிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ருக்மிணி மாமி பறவைப் படம் போடுகிறவள். இந்தியாவில் உள்ள ஆந்தைகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் வரப்போகிறது, அதற்கு இருபத்திரண்டு படங்கள். பத்தொன்பது முடிந்துவிட்டது. ஆகுர்டியிலிருந்து புதன்கிழமைதோறும் காலை லோக்கல் ரயில் பிடித்து நகரத்துக்கு வருவாள். அங்கே ஒரு பழைய கல்லூரியின் மாடியில் பறவைக் கூடம் இருக்கிறது. பாடம் பண்ணிய பறவைகள் டிராயர் டிராயராகக் கிடக்கின்றன. அதைப் பார்த்துத்தான் வரைவாள். ஒன்றரை வருஷமாகப் புதன்கிழமை ராத்திரி என்றால் வாந்தி, வயிற்றுவலி. ஏழு மாசமாக விரல் நுனிகள் மரத்துவிட்டன. நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. மூன்று மாசம் முன்னால் ஒரு டாக்டர் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டுத் தலைமுடியை லேபுக்கு அனுப்பச் சொன்னார்.

"புதன்கிழமைல என்ன விசேஷம்?" என்றார் சார்.

"அன்னிக்கு மட்டும்தான் அவர் சமைப்பார். நான் சீக்கிரம் கிளம்பணுமே. டப்பா கட்டிக் குடுப்பார்."

அவர் என்பது பத்ரிநாத். போசரியில் உலோகத்துக்கு முலாம் பூசுகிற ஒரு பட்டறையில் ரசாயனப் பொறுப்பாளர். விஷ அலமாரியின் சாவி அவர் அரைஞாணில் தொங்குகிறது. இதையும் மாமி அதே பால் வராத குரலில் சொன்னாள்.

"டப்பாவை இப்பவும் சாப்பிடறீங்களா?"

"ரிப்போர்ட் வந்ததுலேர்ந்து பத்து புதன்கிழமையா திறக்கல. வேண்டாம்னா அவருக்குத் தெரிஞ்சுடும், அதனால வாங்கிண்டு வருவேன். கூடத்துல குப்பைக்கூடை பக்கத்துல வெச்சுடுவேன். அங்க ஷிண்டேன்னு ஒரு பியூன். அவன் கொட்டிட்டு அலம்பி வெச்சுடுவான். சாயந்திரம் அவர் ஸ்கூட்டர்ல அழைச்சுண்டு போக வருவார். சாப்ட்டியாம்பார். சாப்ட்டேம்பேன்."

"வாந்தி நின்னுதா?"

"நிக்கல. வேற எதுலயோ வைக்கறார். வீட்டுல மத்த வேளையெல்லாம் நான்தான் சமைக்கறேன். அந்த டப்பா கட்டற நேரம் தவிர மூணு மாசமா அவரை அடுக்களைக்குள்ளயே விடறதில்லை. தண்ணி, பல்பொடி, என்னோட பெயின்ட் எல்லாம் லேபுக்கு அனுப்பியாச்சு. ஒண்ணுமில்லேங்கறா."

சார் புகார்க் கவரை விரலால் தட்டினார். "இது எப்ப?"

"வியாழக்கிழமை கார்த்தால. அதுக்குள்ள நிஜம்தான்னு யாராவது சொன்னா தேவலை."

"நிஜமில்லைன்னா?"

மாமி கவரை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

"அதை நான் யோசிக்கல" என்றாள். இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவர் விஷம் வைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று அவளுக்கு யோசனையே இல்லை.

அவள் போன பிறகு சார் சொன்னார்: "விச்சு, நமக்கு ஒரே ஒரு பிடிதான். டப்பா. அவ சாப்பிடறதில்லைன்னு அவருக்குத் தெரியாது. அதனால விஷம் வைக்கிற ஆளா இருந்தா இன்னும் டப்பால வெச்சுட்டுத்தான் இருப்பார். புதன்கிழமை அந்த டப்பாவை நீ கண்ணை எடுக்காம பாக்கற."

"சாப்பாட்டைப் பாக்கற வேலை எனக்குப் பிறவியிலேயே வரும் சார்."

*

டிசம்பர் மாசம். கூடத்தில் குளிரும் நாப்தலின் வாசனையும். சுவர் முழுக்க மர அலமாரி. 'பழைய மாதிரிகளைத் தொடுவோர் கையுறை அணியவும்' என்று மராத்தியில் ஒரு பலகை. வாசல் மேஜையில் வெள்ளைத் துணிக் கையுறைகள் அடுக்கியிருந்தன. மாமி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டாள்.

நாங்கள் இருவரும் கல்லூரிக்குச் சரித்திரம் எழுத வந்தவர்கள் என்று ஷிண்டேயிடம் சொல்லியிருந்தோம். ஷிண்டேக்கு ஐம்பது வயசு இருக்கும். தொப்பை சட்டைப் பொத்தானோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

மாமி டிராயரிலிருந்து ஒரு காட்டு ஆந்தையை எடுத்தாள். ஆந்தை என்றால் நான் கிளைமேல் உட்கார்ந்து முறைப்பதை எதிர்பார்த்தேன். இது மல்லாக்கப் படுத்திருந்தது. உள்ளே பஞ்சு, கண் இருந்த இடத்திலும் பஞ்சு, காலில் நூலால் கட்டிய சீட்டு. 1911, சாத்தாரா பக்கம், யாரோ ஒரு வெள்ளைக்காரன் சுட்டது.

"கண்ணே இல்லையே மாமி, எப்படிப் போடுவேள்?"

"செத்தா கண்ணோட நிறமும் காலோட நிறமும் போயிடும். அதனால சுட்ட உடனே சீட்டுல எழுதிடுவா. இறகு நிறம் மட்டும் போகாது."

"காட்டுக்குப் போய் உயிரோட பார்த்துப் போடலாமே?"

"பார்த்திருக்கேன். ரெண்டு நிமிஷம் உக்காரும், பறந்துடும். நிக்கற விதத்தை அங்க எடுத்துப்பேன். சிறகுல எத்தனை இறகு, எதுக்கு மேல எது படியறது, அது இங்கதான். போட்டோல வெயில் பொய் சொல்லும். இது பொய் சொல்லாது."

முள் கவராயத்தால் சிறகை அளந்து அந்த முள்ளைக் காகிதத்தில் அப்படியே குத்தினாள். தையல்காரர் கல்யாணக் கோட்டுக்கு அளவு எடுப்பதுபோல ஒவ்வொரு இறகுக்கும் அளவு. பென்சில் விரலிலிருந்து இரண்டு தரம் நழுவிக் கீழே விழுந்தது. இரண்டு தரமும் குனிந்து எடுத்தாள். ஒரு தரம் பறவையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள். ஆந்தையிடம் ஏதோ ரகசியம் கேட்கிறாள் என்று சாரிடம் முணுமுணுத்தேன். சார் நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதினார்.

டப்பா ஜன்னலோரம் குப்பைக்கூடை பக்கத்தில் இருந்தது. இரண்டு அடுக்கு எவர்சில்வர். நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு ஷிண்டே வந்தான். இருபுறமும் பார்த்துவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போனான். நான் பின்னாலேயே போனேன். குழாயடியில் சோப்புப் போட்டு, ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர்போல முழங்கை வரை கை கழுவினான். பிறகு குப்பைத் தொட்டியைத் தாண்டி மாடிப்படிக்கு அடியில் புகுந்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மேல் அடுக்கைத் திறந்தான். எலுமிச்சை சாதம். ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டான்.

"துப்பு! துப்பு!" என்று பாய்ந்தேன். தமிழில் கத்தியது அப்புறம்தான் உறைத்தது. ஹிந்தியில் கத்துவதற்குள் அவன் விழுங்கிவிட்டான்.

கலவரம் கேட்டு சார் இறங்கி வந்தார். ஷிண்டே எழுந்து நின்று கைகூப்பினான்.

"சாப், திருடலை. மேடம் கொட்டச் சொன்னாங்க. எலுமிச்சை சாதத்தை எப்படிக் கொட்டறது? பாவம் இல்லையா?"

"எத்தனை நாளா?" என்றார் சார்.

"தீபாவளிக்கு முன்னாலேருந்து. எல்லா புதன்கிழமையும். ஒருநாள் புளி சாதம், ஒருநாள் இது. கீழ் அடுக்குல தயிர் சாதம், அதுல மாதுளை எல்லாம் போட்டிருக்கும். என் வீட்டுக்காரியே இப்படிப் பண்ணமாட்டா."

"உடம்பு எப்படி இருக்கு? வயித்துவலி, வாந்தி?"

ஷிண்டே தொப்பையைத் தடவினான். "ரெண்டு பேன்ட் சின்னதாப் போச்சு சாப்."

சார் என்னைப் பார்த்தார். "பத்து வாரம். பத்து டப்பா. வேற என்ன லேப் ரிப்போர்ட் வேணும் உனக்கு?"

நான் டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டேன். பத்ரிநாத் விஷம் வைக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் மேலே ஒரு பெண் விரல் செத்துப்போய் உட்கார்ந்திருந்தாள், அது அப்படியேதான் இருந்தது.

"இன்னிக்கு இங்க அவ ஒண்ணும் சாப்பிடலை" என்றார் சார் படியேறிக்கொண்டே. "ஆனா ராத்திரி வாந்தி வரும். அப்ப விஷம் வீட்டுல இல்லை விச்சு. நாம நாப்தலின் வாசனை மோந்துட்டு இருந்தோமே, அந்தக் கூடத்துல இருக்கு."

*

"ஷிண்டே, இங்க இருக்கிறதுலயே புதுப் பறவையைக் காட்டு" என்றார் சார்.

ஷிண்டே ஒரு மைனாவை எடுத்து வைத்தான். மூன்று வருஷம் முன்னால் வந்தது. மார்பில் இரண்டு ஓட்டை, சிறகுக்கு அடியில் தூள் தூளாகக் கொட்டியது.

"பூச்சி சாப். நாப்தலின் எவ்வளவு போட்டாலும் அடங்கமாட்டேங்குது."

சார் மாமியின் மேஜைக்குப் போனார். 1911 ஆந்தையைக் குனிந்து பார்த்தார். எண்பத்தேழு வருஷம். ஒரு ஓட்டை இல்லை. அந்த டிராயரில் இருந்த பதினோரு ஆந்தைகளிலும் ஒரு இறகுகூடக் கொட்டவில்லை.

"பக்கத்து டிராயர்ல விருந்து சாப்பிடற பூச்சி இதை மட்டும் ஏன் தொடலை?"

ஷிண்டே தலையைச் சொறிந்தான். "வெள்ளைக்காரன் காலத்துல தோலை உரிச்சதும் உள்ளே மருந்து தடவுவாங்க. வெள்ளையா, சோப்பு மாதிரி. அப்பவும் எங்க அப்பாதான் இங்கே பியூன். இதைத் தொட்ட கையோட வீட்டுக்கு வந்தா அம்மா வாசல்லயே நிறுத்திடுவாங்க, கை கழுவினாத்தான் உள்ளே. எனக்கும் அதே பழக்கம்."

"பாஷாணம்" என்றார் சார். "பூச்சிக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. லேபுக்கு அனுப்ப வேண்டியதை விட்டுட்டு மத்ததையெல்லாம் அனுப்பியிருக்காங்க."

மாமி நிமிரவில்லை. "நான் கையுறை போட்டுக்கறேனே."

சார் அவள் பக்கத்தில் கிடந்த கையுறைகளை எடுத்துக் காட்டினார். காலையில் வாங்கிய மடிப்பு கலையாமல் இருந்தது. விரல் நுனியில் ஒரு பென்சில் கறைகூட இல்லை.

"வாங்கறீங்க. போடறதில்லை."

"அது பறவைக்காகன்னு நெனச்சேன்" என்றாள் மாமி. "கை வியர்வை பட்டு இறகு கெட்டுடப்படாதேன்னு போட்டிருக்கான்னு. எனக்காகன்னு தோணவே இல்லை. படம் போடற எங்கள்ல யாருக்கும் தோணாது. துணியைப் போட்டுண்டா இறகு எப்படித் தெரியும்?"

"சரி, விரலால தொட்டீங்க. அதுக்கு இவ்வளவு ஏறாது. காலையில அந்தப் பறவையை முகத்துக்கிட்ட கொண்டுபோனீங்களே அம்மா. எதுக்கு?"

முதல் தடவையாக அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. தப்புப் பண்ணி அகப்பட்ட குழந்தையின் வெட்கம்.

"ஆந்தை பறந்தா சத்தம் வராது. ஏன் தெரியுமோ? இறகு மேல வெல்வெட் மாதிரி ஒரு மெத்தை. ஓரத்துல சீப்பு மாதிரி மெல்லிசா மயிர். அந்த மெத்தை எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் ஓரத்தை எவ்வளவு கலைக்கணும்னு தூரிகைக்குத் தெரியும். இல்லேன்னா ஆந்தையோட ரூபத்துல காக்காயைப் போட்டுடுவேன். விரல் செத்துப்போச்சு. விரலுக்குத் தெரியல." நிறுத்தினாள். "உதட்டுக்குத் தெரிஞ்சுது."

"எவ்வளவு நாளா?"

"விரல் போனதுலேர்ந்து. அதுக்கு முன்னாடி கையால தடவுவேன், தூரிகை நுனியை உதட்டுல வெச்சுக் கூராக்குவேன். எல்லாரும் பண்றதுதானே."

நான் அந்த ஆந்தையைப் பார்த்தேன். விரலைக் கொன்றதும் அதுதான். விரல் போனதும் அதையே உதட்டால் தேடியிருக்கிறாள். ஒன்றரை வருஷமாக, முதலில் தூரிகை வழியாக, அப்புறம் நேராகவே, வாரத்துக்கு ஒருநாள் விஷத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புருஷனைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"அப்போ அவர் இல்லை" என்றாள் மாமி.

"அவர் இல்லை."

"இன்னும் மூணு ஆந்தை இருக்கு."

"கையுறை போட்டு வரைங்க. இல்லாட்டா வரையாதீங்க. இப்பவே போய்க் கையையும் முகத்தையும் கழுவுங்க. நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷன் இல்லை, டாக்டர். விட்டுட்டா மெதுவா சரியாகலாம்."

மாமி எழுந்து போனாள். கவராயத்தை மூடிவைக்க மறக்கவில்லை.

*

அஞ்சு மணிக்கு பத்ரிநாத் வந்தார். ஒல்லியான மனுஷர், காதை மூடின மஃப்ளர், ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் குழந்தையைப்போல இடுப்பில் வைத்திருந்தார். மாமி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், மடியில் டப்பா. சார் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஆந்தை விஷயத்தை நாலே வரியில் சொன்னார். புகார்க் கவரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

பத்ரிநாத் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு மாமியிடம் வந்து நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் வழக்கமானதையே கேட்டார்.

"சாப்ட்டியா?"

"இல்லை" என்றாள்.

மேல் அடுக்கை ஷிண்டே தொட்டுவிட்டான். கீழ் அடுக்கு அப்படியே இருந்தது. மாமி மூடியைத் திறக்கப் பார்த்தாள். விரல் வழுக்கியது. இன்னொரு தரம் பார்த்தாள். அவர் குனிந்து திறந்து கொடுத்தார், மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய்.

"உப்பு போட்டேளா?"

"போட்டேனே."

"தெரியல." மேலும் ஒரு வாய். "பத்து வாரமா நான் இதைச் சாப்பிடல."

"தெரியும்" என்றார் பத்ரிநாத்.

சாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவருக்குத் தெரியாது என்பதில்தான் எங்கள் டப்பா வாதமே நின்றது. அது அங்கேயே பொலபொலவென்று உதிர்ந்தது. நல்லவேளை, மாடியில் ஆந்தை இருந்தது.

"எப்படித் தெரியும்?" என்றாள் மாமி.

"டப்பா பளபளன்னு தேய்ச்சு வர்றது. உன் விரலால மூடியைக்கூடத் திறக்க முடியாதே. யாரோ சாப்பிடறான்னு தெரிஞ்சுது. அப்புறம் பீரோல லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தேன்."

"கேக்கவே இல்லையே?"

"கேட்டா நீ பதில் சொல்லிடுவியே."

மாமி கையில் எடுத்த தயிர் சாதத்தைத் திரும்ப டப்பாவில் வைத்தாள். வெளியே சாலையில் ஆட்டோக்கள் இரைந்துகொண்டு போயின. ஷிண்டே மேலே ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சும் எதுக்கு வாராவாரம் பண்ணிக் குடுத்தேள்?"

"நிறுத்தினா, நீ நெனச்சது நிஜம்னு ஆயிடுமே" என்றார் அவர்.

அவர் குரலும் பால் வராத குரலாகத்தான் இருந்தது. மூன்று மாசமாக அந்த வீட்டில் இரண்டு பேருமே அந்தக் குரலில்தான் பேசியிருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மாமி கைப்பையிலிருந்து கவரை எடுத்துச் சாரிடம் நீட்டினாள். சார் அதை வாங்கி, பார்க்காமலே மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பத்ரிநாத் அது என்ன என்று கேட்கவில்லை.

கடைசிப் பருக்கையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு மாமி எழுந்தாள். அவர் மூடியைப் போட்டு டப்பாவை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டினார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்ட பிறகு சொன்னாள்.

"நாளைக்கு வியாழக்கிழமைதான். இருந்தாலும் நீங்களே சமைச்சுடுங்கோ."